செவ்வாய்க்கிழமைக் கட்டு

எங்கள் வீட்டில் யாருக்காவது லேசாக மூக்கு ஒழுகினால் போதும், டாக்டர் தாத்தாவைப் பேச்சில் இழுத்துவிடுவார்கள். பெரியப்பா அவரைப் பற்றி வாய் கிழியப் பேசுவார். "நம்ம ரத்தத்துலயே வைத்தியம் இருக்கு" என்பார். பெரியப்பாவுக்கு மாத்திரை அட்டையைப் பிரித்துக் கொடுக்கவே ஓர் ஆள் வேண்டும். தாத்தா என்கிறோமே தவிர, அவர் எங்களுக்கு எட்டுத் தலைமுறை மூத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கடலோரத்தில் கோட்டையும் கிடங்கும் கட்டிக் காலூன்றிய புதிதில் கப்பலில் வந்து இறங்கியவர். ஊர் அவரைக் கைராசிக்காரர் என்று கூப்பிட்டதாம். அவர் தொட்டால் காய்ச்சல் பறந்துவிடுமாம்.

தாத்தா பிரெஞ்சில் எழுதிவைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த மொழியை ஒழுங்காகப் படித்தவள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதைப் படித்து முடித்த நாளிலிருந்து பெரியப்பா வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

தாத்தா பட்டம் வாங்கிய வைத்தியர் இல்லை. பதினாலு வயதில் ஒரு அறுவைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, சவரம் செய்யவும் கட்டி கீறவும் பல் பிடுங்கவும் கற்றுக்கொண்டவர். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரே தொழில். பட்டம் வாங்கியவர் கோட்டைக்குள் இருந்த பெரிய வைத்தியர். அவர் செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார். கட்டில்களுக்கு நடுவே ஒரு நடை நடப்பார். போய்விடுவார்.

ஆஸ்பத்திரி என்பது ஒரு பழைய கயிற்றுக் கிடங்கு. நாற்பது கட்டில்கள், போகாத தார் வாசனை, எட்டாத உயரத்தில் சின்ன ஜன்னல்கள். காய்ச்சல் என்று யார் வந்து படுத்தாலும் ஒரே வைத்தியம்தான். முழங்கையின் உள்பக்கம் நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார்கள். அதைப் பிடிக்கிற தகரக் கிண்ணத்துக்குள் வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கும். முதல் நாள் இரண்டாவது கோடுவரை, காய்ச்சல் இறங்காவிட்டால் மறுநாள் மூன்றாவது கோடுவரை. கெட்ட ரத்தம் போனால்தான் உடம்பு தேறும் என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருந்தது. பெரிய வைத்தியர் தன் நடையில் பார்த்ததும் அது ஒன்றைத்தான், கையில் கட்டு இருக்கிறதா இல்லையா என்று.

தாத்தா இங்கேயே கப்பல் பாய் தைப்பவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது பெண், பாப்பா. அவளுக்குப் பின் ஒரு பையன். நாங்களெல்லாம் அந்தப் பையனின் வழியில் வந்தவர்கள். பாப்பாவுக்கு ஆறு வயது ஆனதிலிருந்து அம்மாவோடு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். பெரிய வைத்தியரைவிட இவள் நடைதான் கெடுபிடி.

"அப்பா, நாலாவது கட்டில் மாமா கஞ்சியைத் தொடவே இல்ல. கேட்டா தூங்கற மாதிரி நடிக்கிறாரு."

"நீ போய் மிரட்டிட்டு வா."

மிரட்டிவிட்டு வருவாள். நாலாவது கட்டில் சிப்பாய் குடித்துவிடுவான். இதெல்லாம் நோட்டில் இருக்கிறது. நோயாளிக் கணக்குக்கு நடுவே மகளைப் பற்றி எழுதுவதற்கு அவருக்கு வெட்கமே இருந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ரத்தம் எடுக்க வேறு ஆள் இல்லை. கிண்ணம் பிடிக்கிற ஒற்றைக்கண்ணருக்குக் கத்தியைத் தொட அனுமதி கிடையாது. அவர் பழைய சிப்பாய், வாய் கொஞ்சம் நீளம். பெரிய வைத்தியருக்கோ கத்தி பிடிப்பது கௌரவக் குறைச்சல். தாத்தாவின் கை கூடுகிறவரை ஐந்து வாரம் யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கை கூடியதும் தாத்தா நோட்டைப் புரட்டினார். விழுவதற்கு முந்தைய ஐந்து வாரத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் முப்பத்தொரு பேர், செத்தவர்கள் பதினாலு. கை முறிந்துகிடந்த ஐந்து வாரத்தில் வந்தவர்கள் இருபத்தொன்பது, செத்தவர்கள் ஐந்து. நாலு தடவை கூட்டிப் பார்த்திருக்கிறார். நாலு தடவையும் பக்கத்தின் ஓரத்தில் தெரிகிறது.

"இத்தனை வருஷமா நானே கொன்னுருக்கேனா?" என்று ஒற்றைக்கண்ணரிடம் கேட்டார்.

"ஐயா, மெதுவாப் பேசுங்க. வேலை போயிடும்."

பெரிய வைத்தியரிடம் சொல்லிப் பார்த்தார். படித்தவர்களுக்குச் சவரக்காரன் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அவர். அன்றிலிருந்து தாத்தாவும் ஒற்றைக்கண்ணரும் ஒரு நாடகம் ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காய்ச்சல்காரர்கள் எல்லோருடைய கையிலும் கட்டு ஏறும். ஒற்றைக்கண்ணர் சமையல்கட்டிலிருந்து ஆட்டு ரத்தம் கொஞ்சம் கொண்டுவந்து துணியில் ஒற்றிவிடுவார். பெரிய வைத்தியர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதும் எல்லாவற்றையும் அவிழ்த்துத் துவைக்கப் போட்டுவிடுவார்கள். ஏழு மாதம் இப்படி ஓடியது. சாவு குறைந்தது. கைராசிக்காரர் என்ற பெயர் வந்தது இப்போதுதான். வீட்டில் மட்டும் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவி துணி துவைக்கிற இடத்தில் நாலு பேரோடு பேசுகிறவள், பேச்சு கோட்டைவரை போய்விடும் என்று பயம்.

எட்டாவது மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் தண்ணீர் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் குழந்தை பிதற்றத் தொடங்கியது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஊர்ல இருக்கற சிப்பாய்க்கெல்லாம் செய்யறீங்க. நம்ம புள்ளைக்கு மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? எடுங்க. ரத்தத்தை எடுங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சொல்லியிருக்கலாம். அந்த நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்திருக்கலாம். அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்தவர் பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. தன் பிள்ளை என்று வந்தபோது அது வெறும் தற்செயலாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. உலகத்துப் புத்தகங்கள் எல்லாம் ஒன்று சொல்ல, கை முறிந்த ஒருவன் வேறு சொன்னால் யாரை நம்புவது? 'என் மகளுக்கு மட்டும் வைத்தியத்தில் குறை வைக்க என்னால் முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

எடுத்தார். முதல் கோடுவரை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. வீடே மூச்சு விட்டது. "பாத்தீங்களா?" என்றாள் மனைவி. மறுநாள் மறுபடி ஏறியது, மறுபடி எடுத்தார். அதற்கு அடுத்த நாளும் எடுத்தார். ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், பாப்பா போய்விட்டாள்.

செய்தி கேட்டு ஒற்றைக்கண்ணர் ஓடி வந்தார். குழந்தையின் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். குனிந்து அதன் ஓரத்தை மெல்லத் தூக்கினார். அப்படியே நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தார்.

"ஐயா, இது நெசமாவே எடுத்ததா?"

ஒற்றைக்கண்ணர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் மனைவி ஒன்றையே சொன்னாள். "அவரு ஒண்ணும் பாக்கி வைக்கல. எல்லாம் செஞ்சு பாத்தாரு." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். அதனால் அதை அவளிடமிருந்து பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் ரத்தம் எடுக்கவில்லை. வந்த சிப்பாய்களில் முக்கால்வாசிக்கு மேல் பிழைத்துப் போனார்கள். வருகிறவன் எல்லாம் "உங்க கையால பொழச்சேன்" என்று கும்பிட்டபோது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெரியப்பா ஒரு நாளாவது யோசித்திருப்பாரா?

ஒன்பது வருடம் கழித்து மனைவிக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. பெரிய வைத்தியர் அதற்குள் கப்பலேறிப் போய்விட்டிருந்தார். கேட்பார் யாரும் இல்லை. அவள் தானாகவே சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

"எடுங்க. பாப்பாவுக்கு எடுத்த மாதிரி எனக்கும் எடுங்க."

"வேண்டாம். தண்ணி குடி."

"ஏன்?"

"சொன்னாக் கேளு. வேண்டாம்."

நினைவோடு கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பவளைப் பொய்க் கட்டுப் போட்டு ஏமாற்ற வழியில்லை. எடுக்காமல் விட்டு இவள் பிழைத்தால் எல்லாம் புரிந்துவிடும், எடுத்தால் இவளும் போய்விடுவாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஏழு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தார். கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தார்.

எட்டாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் எடுக்கல?"

"எடுத்தா ஆளு தேற மாட்டாங்க."

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் தண்ணீர்க் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பாப்பாவுக்கு முன்னாடியேவா?"

ஆமாம் என்று தலையை அசைத்தார். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை.

"நான்தானே எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

"இல்ல. கத்தி என் கையிலதான இருந்துச்சு. எனக்குத்தான தெரியும்."

அது அவள் காதில் ஏறவே இல்லை. "நான்தானே உலுக்கினேன். நான்தானே சொன்னேன்" என்றாள் மறுபடியும்.

அதற்குப் பிறகு அவள் பதினோரு வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு நாள் விடாமல் அதைச் சொன்னாள் என்று நோட்டில் இருக்கிறது.