மாமா திரையிடம் சொன்னது

பெர்கன் நகர மருத்துவமனையில் என் மாமனாரைச் சேர்த்த மறுநாள் காலை, செவிலியர் ஒருவர் சக்கரம் வைத்த கம்பத்தைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தார். குளுக்கோஸ் ஏற்றப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கம்பத்தின் உச்சியில் பாட்டிலுக்குப் பதிலாக நோட்டுப் புத்தக அளவில் ஒரு திரை இருந்தது. அவர் அதைத் தட்டியதும் நரைத்த மீசையோடு ஒருவர் தோன்றி, "வணக்கம் ஐயா, நான் கதைக்கிறது கேக்குதோ?" என்றார். மாமா சட்டென்று எழுந்து உட்கார்ந்து, மருத்துவமனை அங்கியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இவரு எந்தூருங்கம்மா?"

யாழ்ப்பாணத்துக்காரர். நார்வேக்கு வந்து பல வருடங்கள் ஆனவராக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை இங்கே 'தொல்க்' என்பார்கள். அவர் எங்கோ ஆஸ்லோவில் தன் மேசை முன் அமர்ந்திருந்தார். ரயிலில் போனால் ஏழு மணி நேரம். அப்படியொருவரைத் திரையில் வரவழைக்க வேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. நான்தான் பக்கத்திலேயே நிற்கிறேனே! ஆறு வருடமாக இந்த மொழியில் வேலை பார்க்கிறேனே! செவிலியரிடம், "நான் மொழித் தேர்வு எழுதித் தேறியிருக்கிறேன்" என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். என் நார்வேஜியனைக் குறை சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் சிரித்தார். "உன் மொழி நன்றாகவே இருக்கிறது. நீ அவருடைய மருமகள், அதனால்தான்" என்றார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. என்னை நாற்காலியோடு அந்தப் பக்கம் அனுப்பி, கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்தார்.

மாமா கடத்தூரில் இருந்து எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்தவர். வந்த மூன்றாவது வாரம் கால் வீங்கியது. எங்கள் இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் நான்கு முறை நின்று மூச்சு வாங்கினார். இதயம் பலவீனம் என்று ஊரிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை இங்கே டாக்டர் கேட்டபோது, கடத்தூரில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்துக் கைபேசியில் பதிந்து செல்லும் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் அனுப்பினோம். பத்து நிமிடத்தில் எல்லாம் வந்து சேர்ந்தது. டாக்டர் அதைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டு, "ஒழுங்கான பதிவு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அவருடைய நெற்றிச் சுருக்கம் போகவில்லை. இவ்வளவு மாத்திரை உள்ளே போனால் இப்படி நீர் கோக்காதே என்றார். அளவைக் கூட்டவா, வேறு மருந்து சேர்க்கவா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கொடுத்த மாத்திரைகள்தான் பதிவில் இருந்தன. விழுங்கியவை எத்தனை என்று அதில் இல்லை.

திரைச்சீலை முகத்தை மறைக்கும், குரலை மறைக்காது. "நீங்கள் சொல்லுறது எல்லாம் ரகசியம் ஐயா. நான் ஒண்டையும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்றார் திரைக்காரர். பிறகு, "குளிசையள் ஒழுங்கா எடுக்கிறனீங்களோ?"

"டெய்லி குளிக்கிறேங்க. மருமவ சுடுதண்ணி வர்ற மாதிரி திருப்பி வச்சிருக்குது."

அது அப்படியே நார்வேஜியனுக்குப் போனது. செவிலியர், நல்லது, ஆனால் மருந்து? என்றார். யாழ்ப்பாணத்தில் மாத்திரைக்குக் குளிசை என்று பெயர். இரண்டு தமிழர்களும் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு மாமாவின் குரல் மாறிவிட்டது.

"மத்ததெல்லாம் போடறேங்க. நீர் போற மாத்திரய மட்டும் நிறுத்திட்டேன்."

"எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"வந்த மறாநாளேங்க. அதப் போட்டா அரமணிக்கொருக்கா ஒண்ணுக்கு வருது. அவங்க வூட்ல கக்கூசு ஹாலை ஒட்டியே இருக்குதுங்க. மருமவ அங்கதான் கம்பியூட்டர வச்சிக்கிட்டு வேல செய்யுது. அது முன்னால எத்தன வாட்டி போறது? சத்தங்கூட வெளிய கேக்குதுங்க."

நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தமிழில் கேட்டபோது காது சுட்டது. அடுத்த நொடி அதே பேச்சு நார்வேஜியனில் வந்தது. அதில் வெட்கம் ஏதும் இல்லை. மருந்து, நேரம், கழிவறை, தூரம், அவ்வளவுதான்.

கடத்தூர் வீட்டில் கழிவறை பின்னால், மோட்டார் கொட்டகையைத் தாண்டி இருக்கிறது. யார் எப்போது போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மறைவு கிடையாது. போன வருடம் பக்கத்து நகரமான அரூரில் டாக்டர், "மோசன் சரியா போகுதா?" என்று மாமாவிடம் கேட்டார். என் கணவர் ஒரு பதில் சொன்னார், நாத்தனார் ஒரு பதில் சொன்னார், அடுத்த கட்டில்காரரின் மனைவிகூட, "நேத்து போகலீங்க சார்" என்றார். மாமா மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. அன்று அதை நாங்கள் அக்கறை என்றுதான் நினைத்தோம். இப்போதும் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செவிலியர், இதைக் குடும்பத்தாரிடம் சொல்லலாமா என்று கேட்டார். மாமா, "சொல்லட்டுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்ல வேணாங்க" என்றார். திரைக்காரர் அதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

டாக்டர் மருந்தைக் கூட்டவில்லை. பழைய மாத்திரையையே கொடுத்தார்கள். ஐந்து நாளில் வீக்கம் வடிந்து மாமா வீடு திரும்பினார். அதற்குள் என் மேசையைப் படுக்கையறைக்கு மாற்றியிருந்தேன். கழிவறையில் காற்றாடி எப்போதும் ஓடும்படி வைத்தோம். மாமா எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் செவிலியரும் தொல்க்கும் என் மடிக்கணினியிலேயே வந்தார்கள். மாமா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். நான் இணைப்பைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"மழ பெய்யுது, எங்க கண்ணு போற?"

"கடைக்கு மாமா. நீங்க பேசுங்க."

கடையில் வாங்க ஒன்றும் இல்லை. தெருமுனைப் பேருந்து நிழற்குடையில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பேருந்து நின்று கதவைத் திறந்தது. இல்லை என்று தலையாட்டினேன். மேலே மாமா என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று ஆவலாகத்தான் இருந்தது. இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் போனபோது, "நல்ல மனுசன். அவருக்கும் பிரஷர் இருக்குதாம்" என்று மட்டும் சொன்னார்.

மாமா ஊர் திரும்பிய பிறகு, இந்தத் தைக்கு நான் விடுமுறையில் போனேன். போன நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல். மாமாவே அரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பதிவு இடத்தில் இப்போது கணினி, அதன் முன்னால் ஒரு பெண்.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா, ஓடிபி வரும்."

சொன்னேன். அந்தப் பெண் தட்டிவிட்டு விரல் நிறுத்திக் காத்திருந்தாள். "எட்டுதான் இருக்குது. இன்னும் ரெண்டு சொல்லுங்க."

நார்வே எண்ணுக்கு எட்டு இலக்கம்தான். ஊர் எண்ணை எப்போதோ விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. மாமா முன்னால் வந்து தன் பட்டன் போனை மேசைமேல் வைத்தார்.

"எந்நம்பர்லயே போடும்மா."

"இவங்க யாருங்க உங்களுக்கு?"

"எங்க வூட்டுப் புள்ள."

போன் சிணுங்கியது. எழுத்து சிறியதாக இருக்கிறது என்று அதை என்னிடம் நீட்டினார். நான் எண்களை வாசிக்க, அந்தப் பெண் சீட்டை அடித்துக் கொடுத்தாள். என் பெயர், அதன் கீழே மாமாவின் பத்து இலக்கம், கடத்தூர் முகவரி. அதே நேரம் கைப்பையில் என் நார்வே போன் அதிர்ந்தது. அடுத்த மாதம் பல் மருத்துவரிடம் எனக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக பெர்கனில் இருந்து செய்தி. ஒரு கையில் சீட்டும் மறுகையில் போனுமாக எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். மாமா அதற்குள் சுவரோரப் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டு, ஒருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.