வெர்னா பார்த்திராத தண்ணீர்

பெலிக்கன் கோவ் கடற்கரையில், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி, மரத்தூண்களின் மேல் ஒரு சின்னக் கடை நின்றது. ஏறிப் போக ஏழு படி. கடைக்காரி வெர்னா டெஷெய்ரா. பன்னைப் பிளந்து, சுட்ட லிங்குவீசா தொத்திறைச்சியை உள்ளே வைத்து, கொதிக்கக் கொதிக்கக் காப்பியோடு கொடுப்பாள். கலிபோர்னியாக் கடல் கோடையிலும் பல்லைக் கிட்ட வைக்கும். அலைச்சறுக்கு முடிந்து உதடு நீலம் பாரித்து வருகிறவர்களுக்கு அந்தக் காப்பியால்தான் பேச்சே திரும்பும்.

வெர்னாவும் அலைக்காரிதான். பதினாலு வயதில் பலகை பிடித்தவள், ஐம்பத்து நாலிலும் விடவில்லை. பலகையைத் தண்ணீரில் வைக்குமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அந்தக் குடாவில் பாறைத்திட்டின் மேல் ஒரு அலை எழும்பும். கரையைப் பார்த்து நீளமாய், அவசரமில்லாமல் மடங்கிக்கொண்டே வரும். அதைப் படைத்தவருக்குத் தினம் ஒருதரம் நன்றி சொல்லாமல் அவள் கடை திறந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. போன குளிர்காலத்துப் புயலில் கரை சரிந்ததால் ஊராட்சி இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கரையோரம் பாறாங்கல் கொட்டிச் சுவர் எழுப்பலாம். கடை தப்பும். ஆனால் அலை கல்லில் மோதித் திரும்பி, மணலை அரித்துக்கொண்டு போய்விடும். குடாவின் அலையும் சிதறிவிடும். இல்லையென்றால் வண்டி நிறுத்தும் இடத்தை உள்ளே தள்ளிக் கடலுக்கு வழி விடலாம். அலை பிழைக்கும், கடையை எடுத்தாக வேண்டும். வெர்னாவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்தும், கல்சுவர் வேண்டுமென்ற மனுவில் முதல் கையெழுத்து அவளுடையதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒவ்வொரு ஆணியையும் அவளே அடித்த கடை அது.

கில் மாட்டோஸ் குழாய் வேலை செய்கிறவன். சின்ன வயதிலிருந்தே அவளோடு அலைக்குப் போட்டி போட்டவன். இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம்.

"உன் பேரு முதல்ல இருக்கு தாயே. அதைப் பார்த்ததும் குடிச்ச காப்பி கசந்துபோச்சு."

"என் காப்பி கசக்காது. நீ சர்க்கரை போட மறந்திருப்ப."

"அலை போயிடும் வெர்னா."

"கடை போனா நீயா எனக்குப் படியளக்கப் போற? உன் வீட்டுக் குழாயே ஒழுகுதுன்னு உன் பொண்டாட்டி என்கிட்ட அழுகுறா."

கில் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். ஜனவரியில் வருஷத்திலேயே பெரிய நீரேற்றம் வருகிறது. சனிக்கிழமை காலை. ஊரில் உள்ள அலைக்காரர்கள் எல்லோரும் தங்கள் உடைந்த பலகைகளைக் கொண்டுவந்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அங்கே நட்டு வைக்கப்போகிறார்கள். பூமி சூடாகிக் கடல் உயர்கிறது என்று எத்தனை தரம் வாயால் சொன்னாலும் யார் மண்டையிலும் ஏறவில்லை, கண்ணால் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. இருநூறு பேருக்குக் காப்பி வேண்டும்.

"காப்பி போடத்தான் வருவேன். வேற எதுக்கும் என்னைக் கூப்பிடாதே," என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் ரொம்ப ஏறினால் பாறைத்திட்டு ஆழத்தில் முங்கிவிடும், அலை எழும்பாது. அதனால் நீரேற்ற அட்டவணையில் பெரிய எண்ணைப் பார்த்தாலே அலைக்காரர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். வெர்னாவும் அந்த நாட்களில் கடையைத் திறக்காமல் மாதா கோவிலுக்குப் போய்ப் பீடத்துக்குப் பூ வைப்பாள். மத்தியானம் வந்து பார்த்தால் மூன்றாம் படியில் கடல்பாசி கிடக்கும். "கில்லோட நாய் இழுத்துப் போட்டிருக்கு" என்று திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளுவாள். முதலில் அவனுடைய பழைய நாய், அது செத்தபிறகு அதன் குட்டி சௌடர். கடலைத் தன் உள்ளங்கை போல் அறிந்த அந்த ஊர் ஜனங்களில் ஒருவரும், அது முழுசாய் எழுந்து நிற்பதைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. காற்றில்லை. உடைந்த பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்த வெர்னாவுக்குச் சிறிது நேரத்தில் என்னமோ போல் இருந்தது. எதுவென்று பிறகுதான் புரிந்தது. அலைச் சத்தம் இல்லை.

கடல் நடந்து வந்தது. சீற்றமில்லை, நுரையில்லை. எண்ணெய் ஊற்றினதுபோல் வழவழவென்று மணல்மேல் ஏறியது. மணலில் நட்டிருந்த கைப்பந்து வலைக் கம்பத்தைச் சுற்றி நின்றது. அதைத் தாண்டியது. ஜனங்கள் பின்வாங்கினார்கள். நட்ட பலகைகளைப் பிடுங்கி இன்னும் மேலே நட்டார்கள், அதையும் பிடுங்கினார்கள். வண்டி நிறுத்தும் இடத்துத் தாரில் தண்ணீர் பளபளத்தது.

பிறகு அது கடைக்கு வந்தது. முதல் படி முங்கியது. இரண்டாவது. வெர்னா கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். நீளமான பாசிக்கொடி ஒன்று மிதந்து வந்து, தன் இடம் தெரிந்தாற்போல் மூன்றாம் படியில் மெல்லப் படுத்துக்கொண்டது. தண்ணீர் அதையும் மூடி, நான்காம் படியைத் தொட்டு நின்றது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நாற்பது வருஷம் இந்தக் கடலின் முதுகில் ஏறி விளையாடியிருக்கிறாள். அதன் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பயம் வரவில்லை. கோவிலில் மணி அடித்து எல்லோரும் முழங்காலிடும்போது உடம்புக்குள் ஒரு அமைதி இறங்குமே, அதுதான் இறங்கியது. இத்தனை பெரிதின் முன்னால் கல் கொட்டித் தடுக்கக் கேட்டோமே என்று கூச்சமாய் இருந்தது.

கில் முழங்கால் தண்ணீரில் நின்றான். கையில் பலகை, ஆனால் நடவில்லை.

"என்னய்யா நிக்கிற?"

"தண்ணி உன் படியில நிக்குது. அங்க நட எனக்கு மனசு வரல."

"ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் வருதா?"

"எனக்கும் தெரியாது தாயே. நானும் தூங்கினவன்தானே. கடலை அளக்கிறவங்க சொல்றாங்க, வருஷத்துக்கு ஒருதரம் வர்ற இந்தத் தண்ணி, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல சும்மா சும்மா வருமாம்."

வெர்னா உள்ளே போனாள். சுவரில் மாட்டியிருந்த அவளுடைய முதல் பலகையைக் கழற்றினாள். மஞ்சள் நிறம், பாதியில் முறிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, குளிர் தொடை வரை ஏற, நான்காம் படியோரம் மணலில் குத்தினாள். சாய்ந்தது. கில் வந்து மறுபக்கம் பிடித்தான். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். கரையில் யாரும் கைதட்டவில்லை. தொப்பி வைத்திருந்தவர்கள் மட்டும் கழற்றினார்கள்.

மதியத்துக்குள் கடல் வந்த வழியே திரும்பியது. சாயங்காலம் பாறைத்திட்டே வெளியே தெரிகிற அளவு வற்றி, அதன் விளிம்பில் பழைய அலை எழும்பியது. வெர்னா ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு அலை பிடித்து எழுந்து நின்றபோது கரை முழுதும் கண்ணுக்கு வந்தது. வெறும் மணல். அதற்கும் வெகுதூரம் மேலே, குடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, உடைந்த பலகைகளின் வரிசை. நடுவில் தன் கடைப் படியில் மஞ்சளாய் ஒன்று. காலையில் தண்ணீர் அங்கே நின்றது என்று சொன்னால், பார்க்காதவர் நம்பமாட்டார்கள். அவள் அலை முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கரையில் கில்லிடம், "செவ்வாய்க்கிழமை ஊராட்சிக் கூட்டத்துல மனுவுல என் பேரை அடிச்சிடச் சொல்லப்போறேன்," என்றாள்.

"கடை?"

"ஆணி அடிக்கத் தெரிஞ்சவளுக்குப் பிடுங்கத் தெரியாதா? கோவிலுக்குப் பின்னாடி மேட்டுல இடம் கேட்டுப் பார்க்கிறேன். குழாய் நீதான் போடணும். ஒழுகக் கூடாது."

கில் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் என்றான்.

சௌடர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வெர்னா கடைக்குள் போய், மிச்சமிருந்த லிங்குவீசா முழுவதையும் எடுத்துவந்து, மூன்றாம் படியில் உட்கார்ந்து அதற்கு ஊட்டினாள்.

"உங்கம்மா மேலயும் பழி போட்டேன். அவகிட்டயும் சொல்லிடு," என்றாள்.