பெரியப்பாவின் ரிவால்வருக்கு என்ன விலை?

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. இது யாருக்கு நடந்ததோ அந்த பெர்னார்ட் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். ராத்திரியில்தான் பயப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஏனென்றால் இது நடந்தது பட்டப்பகலில். 1979, நவம்பர். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில்.

பெர்னார்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீடு காத்தோங் பகுதியில். கல்யாணம் ஆகாத பெரியப்பா லாசரஸைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது அவரும் மனைவி உர்சுலாவும்தான். பெரியப்பா கண்ணை மூடியதும் கேலாங் பகுதியில் இருந்த அவர் வீடு அவருடைய தங்கச்சி பிள்ளைகளுக்குப் போனது. பெர்னார்டுக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய ரிவால்வர்.

"இதுக்கா இத்தனை வருஷம் மூத்திரச் சட்டி தூக்கினோம்?" உர்சுலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "போலீஸ்ல குடுத்துடுங்க. புடிச்சா ஜெயில். பிரம்படி வேற."

"குடுத்துடலாம் லா. அதுக்கு முன்னால இது என்னன்னாவது எனக்குத் தெரியணும்."

சாகும் முன் பெரியப்பா அவர் கையைப் பிடித்து, "உனக்குக் குடுத்ததுதான் பெரிசு" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை பெர்னார்டை அரித்தது.

துடைத்துப் பார்த்தார். கம்பெனிப் பெயர் இல்லை. நம்பர் இருந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்திருந்தது. பழைய சாமான் வாங்குகிற ஒருவருக்கு, கூட்டாளிக்காகக் கேட்பதுபோல போன் போட்டார். "பேர் இல்ல, நம்பர் இல்ல, நான் என்ன விலை சொல்றது?" பட்டென்று போனை வைத்துவிட்டார்.

இன்னொன்றும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. துப்பாக்கிக் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் டின்னை மூடுவார். திறந்தால் அது அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். உர்சுலாதான் எடுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துச் சத்தம் போட்டார். அவள் அந்த டின்னைத் தொட்டதே இல்லை.

கடைசியில் டிப்போவில் ஒருவர் யாக்கூப் பாயின் பெயரைச் சொன்னார். போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தேக்காவில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடி வீடு.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல மழை. பையில் கீரைக்கட்டுக்கு அடியில் ரிவால்வரை வைத்து பஸ் ஏறினார் பெர்னார்ட். வழியெல்லாம் வேர்த்தது.

பார்த்ததும் பாய் கோபப்பட்டார். "புத்தி இருக்கா தம்பி? இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றியே!"

ஆனாலும் கையில் வாங்கினார். உருளையைத் திறந்தார். தோட்டா போடும் ஆறு அறையும் காலி. வெள்ளைத் துணியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். துணி கறுப்பாக வந்தது. மோந்து பார்த்தார்.

"எப்போ சுட்டே?"

"நானா? அதுக்குத் தோட்டாவே இல்ல பாய்!"

"நேத்து சுட்ட மாதிரி வாடை அடிக்குதே..." வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் மாறியது. "தோட்டாவைத் தட்டுற ஊசியை அறுத்து எடுத்திருக்காங்க. எப்பவோ அறுத்தது, துரு ஏறியிருக்கு. இது சுடாது தம்பி. சுடவே முடியாது."

"சரி பாய். இது என்ன துப்பாக்கி? என்ன விலை போகும்?"

"விலையா? தொழுதுட்டு வர்றேன். ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போறோம்."

பாய் உள்ளே போனார். நாலரை மணி. பெர்னார்டுக்குத் தலை வெடித்தது. இத்தனை அலைச்சலுக்கும் ஒருத்தன்கூட ஒரு பதில் சொல்லவில்லை.

கீழே மாவு மில் ஓடும் சத்தம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

மேசைமேல் ரிவால்வர். குழாய் ஜன்னலைப் பார்த்து இருந்தது. பாய் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்.

டிக்.

உருளை ஓர் அறை நகர்ந்தது.

டிக்... டிக்...

குழாய் ஜன்னலைப் பார்க்கவில்லை.

அவரைப் பார்த்தது.

எழுந்திருக்க நினைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

டப்!

இடது தோளில் யாரோ ஐஸ் கட்டியைச் செருகியது போல... ஒரு நொடி. அவ்வளவுதான். ரத்தம் இல்லை. சட்டையில் ஓட்டை இல்லை. அறை முழுக்கக் கருகல் வாடை.

பாய் ஓடிவந்தார். "யா அல்லா! என்ன பண்ணினே?"

"தொடவே இல்ல பாய்... தொடவே இல்ல..."

பாய் உருளையைத் திறந்தார். ஆறும் காலி. ஆனால் குழாய் கொதித்தது. கையை உதறிக்கொண்டு துணியைப் போட்டுச் சுற்றினார்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். விடிய விடியக் கேள்வி. பாய் பக்கத்திலேயே இருந்து பேசியதால், எச்சரித்து விட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது பெர்னார்ட் கெஞ்சினார். "அது என்ன துப்பாக்கின்னு மட்டுமாவது சொல்லுங்க சார்."

"உனக்கு எதுக்கு? வீட்டுக்குப் போ."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

1981இல் டிப்போவில் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். பெர்னார்டை மட்டும் திரும்பக் கூப்பிட்டார் டாக்டர் ஜமால் முகம்மது. படத்தை விளக்கில் மாட்டினார்.

"ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் புடிச்சு வச்சிருந்த காலத்துல சுட்டாங்களா உங்களை?"

"அதுக்கப்புறம்தான் டாக்டர் நான் பொறந்ததே."

இடது தோள் எலும்பில் வெள்ளையாக ஒரு தோட்டா. முழுசாக.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். தழும்பு எங்கேயும் இல்லை.

"எலும்பு இதைச் சுத்தி வளர்ந்து மூடியிருக்கு. இப்படி மூட முப்பது, நாப்பது வருஷம் ஆகணும்."

அப்புறம் பழைய கோப்புகளில் தேடி, 1978இல் எடுத்த பெர்னார்டின் பழைய எக்ஸ்ரேயைப் பக்கத்தில் மாட்டினார்.

அதில் அந்த எலும்பு சுத்தமாக இருந்தது.