மெஷினுக்கு நல்ல தண்ணீர்

வியாழக்கிழமை காலையில் ஏ.சி.யைக் குளிப்பாட்டுவது ஜைனம்புவின் வேலை. பின்பக்கச் சந்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, ஏரியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகரப் பெட்டியின் முதுகில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விடுவாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தகட்டு இடுக்குகளைத் தேய்ப்பாள். பிறகு பழைய லுங்கித் துணியால் ஒற்றி எடுப்பாள்.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் அல்ல. மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து வரும் நல்ல தண்ணீர். பழவேற்காட்டில் அதைக் குடிக்கவும் சோறு வடிக்கவும் மட்டும்தான் எடுப்பார்கள்.

இறால் கூடையோடு வந்த மரியம்மா சந்து முனையிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா பீவி, காசு குடுத்து வாங்கற தண்ணிய தகரத்துக்கு ஊத்துறே? எங்க வூட்ல எறாவுக்கு ஐஸு, உங்க வூட்ல ஆளுக்கு ஐஸு. நடக்கட்டும்."

"அடுத்த வாரம் ஆளு வருது மரியம்மா. வந்த ஆளு ஓடாம இருக்கணும்னா பெட்டி ஓடணும்."

"அதுக்கு நீ ஒரு பனவெசிறி வச்சுக்கினு பக்கத்துல குந்து. கரண்டும் வாணாம், ரிப்பேரும் வாணாம்."

ஜைனம்பு சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

அவள் கணவன் சம்சுதீன் எழுபத்தைந்தில் ஷார்ஜாவுக்குப் போனவன். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. முதல் லீவில் வந்தது மே மாதம். ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். "எப்படித்தான் இதுல படுத்துக் கெடக்குறீங்களோ" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான், தான் அங்கே பிறக்காதவன் மாதிரி. லீவு முடியும் முன்பே கம்பெனியில் அவசரம் என்று கிளம்பிவிட்டான். தந்தி எதுவும் வரவில்லை என்பது ஜைனம்புவுக்குத் தெரியும்.

அடுத்த லீவில் ஏ.சி.யைக் கப்பலில் போட்டு எடுத்து வந்தான். மத்தியானத்துக்கு மேல் ஏரிப் பக்கம்தான் நிழல் என்று அந்தச் சுவரை உடைத்துப் பொருத்தினார்கள். அந்தத் தடவை லீவு முழுக்க இருந்தான். போதாதென்று உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்குத் தந்தி கொடுத்து இன்னும் கொஞ்ச நாள் தங்கினான். பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து அறை வாசலில் நின்று முகத்தைக் காட்டிக் குளிர் வாங்கிப் போனார்கள். மெஷின் ஓடினால் மனிதர் இருப்பார். ஜைனம்பு அப்போது போட்ட கணக்கு அது. ஒரே மகளையும் மண்ணடியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்தக் கணக்கு இன்னும் கெட்டியானது. "எண்பத்து மூணுல ஒரேயடியா வந்துடுறேன், பஜார்ல இரும்பு சாமான் கடை போட்டுடலாம்" என்று சம்சுதீன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அதற்குள் மெஷின் படுத்துவிடக் கூடாது. ஆனால் படுத்தது.

முதலில் போனது ரிலே. சாயந்திரமானால் ஊரில் பல்பே மஞ்சள் நூலாகத் தெரியும்; அந்தக் கரண்டில் மெஷின் எழுந்திருக்க முடியாமல் உறுமி உறுமிக் கருகியது. பொன்னேரியில் ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்க்கும் கோதண்டம் பஸ்ஸில் வந்து ரிலே மாற்றி, ஸ்டெபிலைசர் வாங்க வைத்தான். அது சின்னச் செலவு.

மறு வருஷம் குளிர் நின்றது. கோதண்டம் பஸ் கூரையில் கேஸ் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு வந்தான். மெஷினை வெளியே இழுத்து முதுகுப் பக்கத்தைப் பார்த்தவன் விரலால் தகட்டைத் தொட்டான். அது அப்பளமாக நொறுங்கியது.

"இன்னாம்மா இது, இப்படி அரிச்சிருக்குது? உப்புக் காத்து இவ்ளோ சீக்கிரம் தின்னாதே."

"நான் சும்மா வுடலியே அண்ணே. வாரா வாரம் கழுவுறேன்."

"எதுல?"

"கெணத்துத் தண்ணியிலதான்."

கோதண்டம் கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான்.

"போச்சு. காத்து மேலாக்க நக்குச்சு, நீங்க ஊற வச்சே குடுத்திருக்கீங்க."

அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம். காற்று உப்பைக் கொண்டுவந்து இரும்பில் பூசும். வாரம் ஒரு முறை ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். கம்பிக்கு மண்ணெண்ணெய் காவலாக இருந்தது. மெஷினில் மண்ணெண்ணெய் பட்டால் ஆகாது என்று ஜைனம்பு வெறும் தண்ணீரோடு விட்டிருந்தாள். கிணறு கரிக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல தண்ணீரை இரும்புக்கு ஊற்றலாம் என்றுதான் அதுவரை தோன்றவில்லை.

ஓட்டையை அடைத்து, கேஸ் ஏற்றி, கோதண்டம் புறப்படும்போது சொன்னான்: "இன்னொரு தரம் ரிப்பேர் வந்தா யோசிச்சுக் கூப்பிடுங்கம்மா. ரிப்பேர்க்கு ஆவுற துட்டு புது மெஷின் வெலையில பாதிய தொட்டுச்சுன்னா, அதோட கைய எடுத்துடணும்."

மறு வருஷம் கம்ப்ரசர் போனது. ஜைனம்பு யோசிக்காமல்தான் கூப்பிட்டாள். அதை மெட்ராசுக்கு எடுத்துப் போய்ப் பிரித்து, சுருள் கட்டித் திரும்பக் கொண்டுவந்து மாட்டினான் கோதண்டம். அடுப்படிக் கூரை ஓடுகளை மாற்ற சம்சுதீன் அனுப்பிய பணம் அதில் போயிற்று. மழை நாளில் அடுப்படியில் மூன்று இடத்தில் அண்டா வைத்துச் சமைத்தாள்.

இது எதையும் அவனுக்குச் சொல்லவில்லை. கடிதத்துக்குப் பதில் அவர்களுக்குள் கேசட்தான் போய்வரும். ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, டேப் ரிக்கார்டரை மெஷின் பக்கம் வைத்து அதன் இரைச்சலைப் பதிந்து அனுப்புவாள். "உங்க மெஷின் பேசுது, கேளுங்க மச்சான்." அடுத்த கேசட்டில் அவன் சிரிப்பான்.

மரியம்மாவிடம் சொன்னபடி மறு வாரம், எண்பத்து மூன்று மே மாதம், சம்சுதீன் வந்து சேர்ந்தான். மெஷின் சில நாள் ஓடியது. பிறகு ஒரு காலையில் பெரிதாக இருமி நின்றது.

கோதண்டம் வந்து, மெஷினைச் சுவரிலிருந்து கழற்றிக் கூடத்தில் இறக்கினான். அடித்தகடு கையோடு பெயர்ந்து வந்தது.

"முடிஞ்சிச்சு பாய். ரெண்டு வருஷம் முன்னாடியே அம்மாகிட்ட சொன்னேன். கேஸு, காயிலு, கம்ப்ரசருன்னு போட்டதை எல்லாம் சேர்த்தா புதுசே வந்திருக்கும். இதை எடைக்குப் போடுங்க."

சம்சுதீன் ஜைனம்புவைப் பார்த்தான்.

"கேசட்ல நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுறப்போ புடிச்சேன்."

அவன் கோபப்படவில்லை. அடுப்படிப் பக்கம் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கப்படி அதே அறைக்குள் பாயை விரித்துப் படுத்தான்.

மெஷின் இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு பொந்து. கடல் காற்று எழும் நேரம். ஏரி மேல் ஓடிவந்த காற்று அந்தப் பொந்து வழியாக அறைக்குள் நேராக விழுந்தது. இத்தனை வருஷமாக மெஷினின் முதுகில் மோதித் திரும்பிய காற்று. கொடியில் கிடந்த துணி பறந்தது. நாள்காட்டி சுவரில் படபடவென்று அடித்தது. ஜைனம்பு தூசி துடைக்க வாளியும் துணியுமாக வந்தவள் வாசலில் நின்றாள்.

சம்சுதீன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். துண்டு நனைக்கவில்லை. புரளவில்லை. தட்டு ஒன்று அடுப்படியில் விழுந்து உருண்டது, அதற்கும் அசையவில்லை. பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்தும் எழவில்லை. அவள்தான் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

ஜைனம்புவுக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. மெஷின் போனால் போகட்டும். பொந்துக்கு ஒரு கம்பி வலை அடித்தால் போதும். இரும்பு சாமான் கடைக்கு பஜாரில் ஒரு இடம் காலியாக இருப்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சம்சுதீன் எழுந்து பாயிலேயே உட்கார்ந்தான். கொட்டாவி விட்டான். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கைப்பையைப் பக்கத்தில் இழுத்து, ஜிப்பைத் திறந்து மூடினான்.

"பாத்தியா ஜைனம்பு? மெஷின் இல்லாம ஒரு பொட்டுக் கண்ணை மூட முடியல. சும்மா பொரண்டு பொரண்டு கெடந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். அவன் கன்னத்தில் பாய்க்கோரையின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"புதுசு ஒண்ணு வாங்கியே ஆவணும். இங்க வாங்குற வெலையா அது? கம்பெனிக்காரன் மறுபடியும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடுக்குறேங்குறான். நல்ல மனுசன். அடுப்படியையும் பாத்துக்கலாம். அப்புறம் ஒரேயடியா வந்துடுறேன்."

அவள் துணியை வாளியில் பிழிந்தாள்.

"உனக்காகத்தான் கேக்குறேன். நீ வாணாம்னா போவல. நீயே சொல்லு புள்ள, போவட்டுமா?"

ஜைனம்பு இன்னொரு முறை அவன் கன்னத்தைப் பார்த்தாள். கோடுகள் இன்னும் அழியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.