இரண்டாவது பொட்டலம்

சமையல் வேலைக்கு ஆள் எடுப்பவன் எதற்கு மார்பளவு பார்க்க வேண்டும்? என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. குன்னத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டு வாசலில், அக்கா மகனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஓர் ஏஜெண்ட் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். கையில் இரண்டு போன், வாய் நிறைய ‘அக்கா, அக்கா’. வெளிநாட்டு ராணுவ முகாமில் சமையல்கட்டு உதவி, சம்பளம் நம்ம கலெக்டர் வாங்குவதைவிட அதிகம் என்றான். அவன் சிரித்த சிரிப்பை நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை.

அந்த நாட்டில் சண்டை நடப்பது எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் தெரியும். சண்டை வேண்டாம் என்று அந்த ஊர் ஜனங்களே தெருவில் நிற்பதையும் டிவியில் காட்டினார்கள்.

“சொந்த நாட்டுக்காரனே போவமாட்டேங்குற சண்டைக்கு, குன்னத்துல வந்து ஆள் தேடுறீங்களா?” என்று கேட்டேன்.

“சண்டை எங்கயோ நடக்குது சார். தம்பி சோறுதான் ஆக்கப்போவுது.”

அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து அவன் ஏற்கெனவே சிலரை அனுப்பியிருந்தான். அதில் ஒரு பையன் ராணுவ உடுப்பில் துப்பாக்கியோடு போட்டோ அனுப்பினான். பிறகு அவன் போன் அணைந்துவிட்டது. இப்போது இன்னும் ஆள் வேண்டுமாம். முன்னே போன சமையல்காரர்கள் எங்கே என்று கேட்டால், ஏஜெண்ட் உடனே போன் பேச எழுந்து போய்விடுவான்.

அக்கா மகனுக்கு என் பேச்சு ஏறவில்லை. ரெட்டிபாளையத்துப் பக்கம் பார்த்துவந்த காண்டிராக்ட் வேலை போய் வீட்டில் இருந்தான். “இங்க இருந்து என்ன மாமா பண்ண? வெங்காயத்துக்குக் காவல் இருக்கவா? தடுத்தீங்கன்னா சொல்லாம கொள்ளாம போயிடுவேன்” என்றான்.

அத்தான் இறந்த பிறகு அக்காவுக்கு அவன் ஒருவன்தான். அவளோ போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளத்தைக் கேட்டு இவளுக்கும் ஆசை வந்துவிட்டதோ என்று கூடப் பிறந்தவளையே சந்தேகப்பட்டேன்.

கடைசியில் அவள்தான், “அய்யனார்கிட்ட பூ கேட்டுப் பாப்போம்” என்றாள். எங்கள் வகையறாவில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் அதுதான் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் கட்டிச் சாமி முன்னால் போடுவோம். விவரம் தெரியாத யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. சாமி சொன்னால் கேட்டுக்கொள்வதாக அக்கா மகனும் ஒத்துக்கொண்டான்.

“பூவ நானே கட்டியாந்துடுறேன்” என்றான் ஏஜெண்ட்.

“நீங்க ஒண்ணும் கட்ட வேணாம். அக்கா கட்டட்டும்” என்றேன். இவன் கட்டினால் இரண்டிலும் வெள்ளைதான் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள், கோயிலுக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டோம். அவர் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தார். செவ்வரளி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஏஜெண்ட் விடவில்லை. “அந்த இன்னொண்ணையும் பிரிங்க. அதுலயும் சிவப்பு இருந்தா?”

ஊரை ஏமாற்றுகிறவன் எங்களைச் சந்தேகப்படுகிறானே என்று எனக்கு ஆத்திரம். “சாமிக்கு வச்சத சோதிச்சுப் பாப்பீங்களோ?” என்று பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தான். அடுத்து எந்த ஊரில் டேப்பை விரித்தானோ, அந்தக் கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

வாய்க்காலில் விடலாம் என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன். கை சும்மா இருக்கவில்லை, பிரித்தேன். செவ்வரளி. அக்கா காலையில் தனியாக உட்கார்ந்து கட்டியது நினைவுக்கு வந்தது. சாமி என்றால் அவ்வளவு பயப்படும் அக்கா. வாயால் தடுத்தால் பிள்ளை ஓடிவிடுவான் என்று அய்யனாரையே ஏமாற்றியிருக்கிறாள். அவளை நான் தப்பான பக்கத்தில் சந்தேகப்பட்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. பூவைத் தண்ணீரில் விட்டு, அது மறையும்வரை பார்த்துவிட்டு வந்தேன்.

வாசலில் அக்கா மகன் காத்திருந்தான். “மாமா, அந்த இன்னொரு பொட்டலத்துல என்ன பூ இருந்துச்சு?”

வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்த அக்காவின் கையில் அரிவாள் நின்றது.

“வெள்ளைதான்டா. வேற என்ன இருக்கும்?”

அவன் என் முகத்தையே பார்த்தான். என்னுடைய அதே சந்தேகப் பார்வை, ரத்தம் எங்கே போகும்? பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க” என்றாள். “சோறு போடுறேன்.”