சீர்த்தட்டில் வந்த கேமரா

சாய்ப்ரியா செல்போனில் பறவைப் படம் காட்டினால் சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

"நல்லா இருக்குது அம்மிணி, கொளம்."

மீன்கொத்தி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் திரையை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவாள். அப்போதும் நீலமாக ஒரு கடுகுதான் தெரியும். "அட, ஆமா!" என்பார்கள் மரியாதைக்கு.

கருமத்தம்பட்டியில் அண்ணன் வம்சி தறிகள் ஓட்டுகிறான். அவள் நூல் கடையில் பில் போடுகிறாள். பிரசவத்திலேயே வலது தோள் நரம்பு இழுபட்டுப்போன பெண் அவள். அந்தக் கை நெஞ்சு வரை வரும், அதற்குமேல் ஒரு விரற்கடை ஏறாது. விரல்கள் லேசான பொருளை நகர்த்தும், பாரம் தாங்காது. தலை வாருவதிலிருந்து ஸ்கூட்டியைத் துடைப்பது வரை எல்லாம் இடது கை வேலை.

கேமரா செய்கிறவர்களோ உலகத்தில் எல்லோருக்கும் வலது கை உண்டென்று நம்பிச் செய்கிறார்கள். பிடியும் வலது பக்கம், பொத்தானும் வலது பக்கம். இரவல் கேமரா கொடுத்தவர்கள் எல்லாம், "நான் புடிச்சுக்கறேன், நீ அமுக்கு" என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் அடுத்தவர் பிடிக்கிற கேமரா அடுத்தவர் பார்க்கிற பக்கம்தானே திரும்பும்? யார் கையும் படாமல், தான் பார்த்ததைத் தானே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சுந்தரராஜுலு அவள் அம்மாவுக்கு ஒரே தம்பி. அக்கா போன பிறகும் ஒரு பண்டிகைக்குச் சீர் தவறியதில்லை. மருமகள் கல்யாணமே வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னபோது மனிதருக்குக் கோபம் வரவில்லை, வேறு கவலை வந்துவிட்டது.

"கல்யாணந்தான் வேண்டாம்னுபோட்டே. தாய்மாமன் சீரையுமா வேண்டாம்ங்கறே? உனக்கு என்னதான் வேணும், சொல்லு கண்ணு."

"கேமராங்க மாமா. பறவை எடுக்கறதுக்கு."

"அவ்வளவுதானா? செஞ்சுபோடறேன்."

அந்த வாரமே அவள் தனியாகப் பஸ் ஏறிக் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரன் சாமுவேல் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான், அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று கனம், ஒன்று பொத்தான் எட்டவில்லை. கடைசியில் சின்னக் கேமரா ஒன்று வந்தது. லென்ஸ் உடம்போடு ஒட்டியது, ஆனால் தூரத்தை நன்றாக இழுக்கும். அடியில் துப்பாக்கிப் பிடிபோல ஒரு பிடியை மாட்டினான் சாமுவேல். பிடியில் விசை, விசையிலிருந்து கேமராவுக்கு ஒரு வயர். இடது கையால் பிடித்து இடது விரலாலேயே அமுக்கலாம். பிடிக்குக் கீழே ஒரு கம்பு. தேர் நோம்பியில் கொடி தூக்குகிறவர்கள் இடுப்பில் கட்டுகிற வார்போல ஒரு வார், அதில் ஒரு குழி. கம்பு அந்தக் குழியில் நின்றது. திரையை மேல்நோக்கித் திருப்பிக்கொண்டால் கண்ணுக்குத் தூக்கவே வேண்டாம், நெஞ்சு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்தால் போதும். அந்த உயரத்துக்கு வலது கையும் வந்து, தூரம் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளியது. கை ஏறாவிட்டால் என்ன? கேமரா இறங்கி வந்துவிட்டது.

ஆனால் இதை அவள் மாமாவிடம் சொல்லவில்லை. சீரில் இதுதான் வேண்டும் என்று விரல் நீட்டிக் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. கேட்டால் மாமா செய்வார், அது தெரியும். வாய்தான் வரவில்லை.

குறித்த நாளில் முகூர்த்தப்பட்டு எடுக்கப் போவதுபோலக் கிளம்பினார்கள். ராகுகாலம் கழித்து, காரில் வெற்றிலை பாக்கு, தோப்புத் தேங்காய், பித்தளைத் தாம்பாளம், வழிக்குப் புளிசாதம். வம்சி காரை ஓட்டினான். பின்னால் மாமாவின் மனைவி பங்காரம்மா. அவள் மாமன் பெண்டாட்டி என்பதால் மட்டும் அத்தை அல்ல. சாய்ப்ரியாவின் அப்பாவுக்குப் பெரியப்பா மகள், அதனால் அந்தப் பக்கம் எண்ணினாலும் அத்தைதான்.

கடையில் ஏறியதும் மாமா கேட்டார்: "ஏனுங்க தம்பி, உங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு எதுங்க?"

சாமுவேல் சாய்ப்ரியாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள். அவன் உள்ளே போய்ப் பால்குடிக் குழந்தை அளவுக்கு ஒரு லென்ஸைக் கொண்டுவந்து கேமராவில் மாட்டினான்.

"இது சீருங்க!" என்றார் மாமா. "எட்டூர் பாக்கோணும். எப்படிடா வம்சி?"

"பிரமாதமுங்க மாமா," என்றான் வம்சி. முகம் என்னவோ கஷாயம் குடித்த முகமாக இருந்தது.

"உனக்குப் புடிச்சிருக்குதா அம்மிணி?"

"புடிச்சிருக்குதுங்க மாமா," என்றாள். இனி ஆயுசுக்கும் யாராவது பிடிக்க, இவள் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாமா தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். நாற்காலியில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த பங்காரம்மா நிறுத்தினாள்.

"ஏனுங்க, என்ன அவசரம்? பொண்ணு மேல போட்டுப் பாக்காம ஆராச்சும் பட்டு எடுப்பாங்களா?"

"இதென்ன சேலையா புள்ள, மேல போட்டுப் பாக்க?"

"சீருன்னா சீருதானுங்க. போட்டுப் பாக்கட்டும்."

சாய்ப்ரியா இடது கையால் தூக்கினாள். லென்ஸின் மூக்கு நேராகக் கண்ணாடி மேசைக்கு இறங்கியது. வம்சி பாய்ந்து பிடிக்காவிட்டால் மேசை சில்லுச் சில்லாகியிருக்கும்.

"பரவால்ல, பரவால்ல," என்றார் மாமா. "வம்சி கூட வந்து புடிச்சுக்குவான். நீ அமுக்கினாப் போதும்."

எத்தனையோ பேர் சொன்ன அதே சொல். ஆனால் இந்த முறை அவளுக்கு வாய் வந்துவிட்டது.

"அப்ப அது அண்ணன் எடுத்த போட்டோங்க மாமா. எனக்கு நான் எடுக்கோணுங்க."

தாய்மாமன் சீரைத் தட்டியதாக அந்த வம்சத்தில் கேள்விப்பட்டதில்லை. மாமா கையிலிருந்த தேங்காயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அட கண்ணு, எனக்கும் இது ஒத்துவராதுன்னு தூக்கும்போதே தோணுச்சு. சிறுசா எடுத்தா, கை முடியாத புள்ளைக்கு இது போதும்னு மாமன் நெனைச்சுட்டான்னு ஊர் பேசுமேன்னுதான்..."

"எனக்கும்தானுங்க மாமா," வம்சிக்கு மூச்சு வந்தது. "ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் தூங்கறது. அதுலயும் கோழி கூப்பட எந்திரிச்சு இதைத் தூக்கிட்டுக் கொளம் கொளமா அலையறதா?"

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, கடன்காரா?"

"நீங்க ஆசையாக் கேட்டீங்க."

சாய்ப்ரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சாமுவேல் அண்ணா, அன்னிக்குக் காட்டுனீங்களே, அதை எடுங்க."

"அன்னிக்கா?" மாமா நிமிர்ந்தார். "எங்களை விட்டுப்போட்டுத் தனியா வந்து மாப்பிள்ளை பாத்துட்டுப் போயிட்டயா?"

"ஒத்தையா வந்து பாத்தாத்தான் நல்ல மாப்பிள்ளை அமையும்," என்றாள் பங்காரம்மா, கணவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. முதலில் சிரித்தது சாமுவேல்தான்.

வாரைக் கட்டி, கம்பைக் குழியில் நிறுத்தி, அவள் தெருப்பக்கம் திரும்பி அமுக்கினாள். யாரும் தொடவில்லை. மாமா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தேர்க்கொடியாட்டம் கம்பீரமாத்தான் இருக்குது" என்றார். எட்டூருக்கு அது போதும் என்று முடிவாகிவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை, தேங்காய், நடுவில் கேமரா. அவள் வாங்கி அத்தைக்கும் மாமாவுக்கும் கும்பிடு போட்டாள்.

திரும்பும்போது சூலூர்க் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார் மாமா. கரையில் ஒரு பட்ட குச்சியில் மீன்கொத்தி. வம்சி வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். பாதியில் ஞாபகம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். அவள் குனிந்து, நெம்புகோலைத் தள்ளி, மூச்சைப் பிடித்து, அமுக்கினாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். திரை கொள்ளாமல் நீலம், அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"ஏனம்மிணி," என்றார், "கொளத்தையே காணமே?"