செக்போஸ்ட் வரைக்கும் வெறுந்தலை

ஒச்சாண்டி மாமாவின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். தேனிப் பக்கத்துக் கூடலூரிலிருந்து மலைமேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் போய் வந்தவன் நான். அவருக்கு அங்கே ஏலக்காய் ஸ்டோரில் மேஸ்திரி வேலை. எனக்கு நாலு கடை தள்ளி ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. மாமன் மாப்பிள்ளை முறை என்பதால் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதனால் இந்த உறவுமுறை இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது.

காலையில் அவர் வண்டி எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். கூடலூரில் நின்றால் சட்டையே அதிகம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் பனி காதுக்குள் புகுந்து பல்லைக் கிட்ட வைக்கும். அதனால் சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு பழைய பேப்பர், அதன்மேல் ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றித் துண்டு, தலைக்குக் குரங்குக் குல்லா. சாயங்காலம் திரும்பும்போது கீழே வரவர வெக்கை அடிக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்னால் நீட்டுவார், நான் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன்.

மேலே வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். நாங்கள் உடுத்தியது குளிருக்கு. ஏறும்போது வண்டி முக்கிக்கொண்டு போகும், விழுந்தாலும் எழுந்து தட்டிவிட்டுக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் விழுந்தால் அடி பலமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் கழற்றி வைத்திருப்போம். இது ஒருத்தருக்கும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

ஹெல்மெட் கதை இதைவிட மோசம். அந்த வருஷங்களில் கேரளா பக்கம் போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள். நம் பக்கம் கேட்பார் இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாமே நம் பக்கம். செக்போஸ்ட்டுக்கு அப்பால் மாமாவின் ஸ்டோர் வரைக்கும் கடைத்தெரு, வண்டி ஊர்ந்துதான் போகும். மாமா அந்தக் கடைத்தெருவில் ஹெல்மெட் போடுவார், மலையில் வெறுந்தலையாக வருவார். மலை நெடுக ஹெல்மெட் என் மடியில் இருக்கும், அதற்குள் எங்கள் இரண்டு பேருடைய டிபன் பாக்ஸும் இருக்கும். செக்போஸ்ட்டுக்கு ஒரு வளைவு முன்னால் வண்டிகள் வரிசையாக ஓரம் கட்டும். எல்லாரும் எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், வாரைக்கூட மாட்ட மாட்டார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் மாமா, நம்ம பக்கம் விழுந்தா மண்டை உடையாதா?"

"உடையும் மாப்ள. ஆனா ஃபைன் கெடையாதுல்ல."

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் நம் பக்கத்திலேயே விழுந்தோம். மழை விட்டு ரோடு பளபளவென்று கிடந்தது. பவர் ஹவுஸுக்குப் போகும் பெரிய குழாய்கள் தெரிகிற வளைவில் முன்னால் போன ஏதோ ஒரு ஜீப் டீசலைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. வண்டி வழுக்கியது. நான் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்தபடியே ஓரத்துப் புல்லில் போய் உருண்டேன். மாமாவின் பின்மண்டை ரோட்டோரக் கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் அவரே எழுந்து உட்கார்ந்தார். கழுத்து வழியாகக் கொஞ்சம் ரத்தம். டிபன் பாக்ஸ்கள் ஒரு கீறல் இல்லாமல் ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்து முதலில் சிரித்தது மாமாதான். உயிர் இருக்கிறது என்று தெரிந்தபிறகு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும்போல.

தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிட்டார். "அத்தைகிட்ட வண்டின்னு வாயத் தெறந்துராத. ஸ்டோர்ல மூட்டை சரிஞ்சு அடிபட்டுருச்சுன்னு சொல்லு."

பஞ்சம்மாள் அத்தையின் தம்பி வண்டியில் விழுந்து செத்தவன். அதிலிருந்து அத்தைக்கு ஒரே பேச்சுதான். மாமா வண்டியில் விழுந்தார் என்று ஒரு தடவை காதில் விழுந்தாலும், வண்டியும் இருக்காது, குமுளி வேலையும் இருக்காது. செய்தாலும் செய்வாள். மாமா அதற்கு முன்னால் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். ஸ்டோரில்தான் பத்துப் பேர் அவரை "மேஸ்திரி" என்று கூப்பிட்டார்கள். அதை விட அவரால் முடியாது. நானும் அத்தையிடம் மூட்டை என்றே சொன்னேன்.

தையல் பிரித்தபிறகு ஒருநாள் காலை மலை ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று மெதுவாகப் போனது. மாமா அதை முந்தாமல் பின்னாலேயே போனார்.

"மாப்ள, வாடை வருதா?"

"தூக்குது மாமா. நல்ல காய்."

ஒரு வளைவு தாண்டினோம். பிறகு, "எனக்கு வரல்லடா" என்றார்.

நான் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, என் பக்கம் திரும்பி நின்றார். "அன்னைக்கு விழுந்ததுல இருந்து எதுவுமே வரல்ல. சோப்பு, பீடி, பெட்ரோல், எதுவுமே." அவர் கண்ணில் பயம் இருந்தது.

தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள், தலை அடிபட்டுக் குலுங்கியதில் அறுந்திருக்கும் என்றார். தானாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், இதற்கு மருந்து கிடையாது. தலையில் ஏதாவது போட்டிருந்தீர்களா என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஏலக்காயில் இருந்துகொண்டு மூக்கில்லாமல் எப்படி? நிறத்தையும் பருமனையும் கண் பார்த்துக்கொள்ளும். மூட்டையின் அடியில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தால் மூக்குதான் சொல்ல வேண்டும். மாமா காய் பொறுக்குகிற பிச்சையம்மாளைக் கூப்பிடுவார். "ஏத்தா, எனக்குச் சளி பிடிச்சிருக்கு. இத மோந்து சொல்லு." வருஷம் முழுக்கச் சளி பிடித்த மேஸ்திரி அநேகமாக அவர் ஒருவர்தான். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். பெரிய மனசுக்காரி, கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியில் போக என்னென்ன போட வேண்டும் என்று மாமா மண்டையை உடைத்துக்கொண்டார். முதலில் கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டுப் பார்த்தார். குமுளியில் யாரிடமோ பழைய தோல் கோட்டு வாங்கினார், முழங்கை வரை கையுறை, கணுக்கால் மறைகிற பூட்ஸ். அந்தக் கோலத்தில் கூடலூர் பஜாரில் நின்றால் நாய் குரைத்தது. சாயங்காலம் இறங்கும்போது கோட்டுக்குள் வெந்துபோனார். வேர்வை கண்ணில் இறங்கி ரோடு தெரியாமல் ஒரு பஸ்ஸுக்குள் விடப் பார்த்தார். இறங்கி நடந்து போகலாம் என்று நான் கத்தினேன்.

ஒரு வாரம் யோசித்தார். வழியெல்லாம் எனக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் யோசித்தார்.

"தோலு உரிஞ்சா வளந்துரும் மாப்ள. எலும்பு முறிஞ்சா கட்டுப் போட்டு உக்காந்துறலாம். மண்டைக்குள்ள அறுந்தா தைக்க ஆளில்ல. அப்ப மொதல்ல மண்டை."

"அப்ப கோட்டு?"

"கோட்ட நாலு நாளு போடுவேன், அஞ்சாம் நாளு வெக்கைல கழட்டிருவேன். நம்மால தெனமும் எதப் போட முடியுமோ அதப் போடணும். ஆணில மாட்டி வச்ச கோட்டு யாரக் காப்பாத்தப் போகுது?"

கடைசியில் முகம் வரை மூடுகிற ஹெல்மெட், பூட்ஸ், முழுக்கைக் காக்கிச் சட்டை என்று முடிவானது. ஹெல்மெட்டை வீட்டு வாசலிலேயே போட்டு வாரை மாட்டுவார். செக்போஸ்ட் வந்தாலும் போனாலும் அவருக்கு ஒன்றுதான். எனக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளும்வரை வண்டியில் ஏற்றவில்லை. அதற்காக நான் இரண்டு நாள் பஸ்ஸில் முறைத்துக்கொண்டு போனேன். மலையில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து, "கேரளா இன்னும் வரலண்ணே" என்று கூவுவார்கள். அத்தை ஏன் இந்தத் திடீர் அக்கறை என்று கேட்டபோது, போலீஸ் கெடுபிடி என்று சொல்லிச் சமாளித்தார். அடுத்த வருஷம் தமிழ்நாட்டிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று உத்தரவு வந்து அவர் பொய்க்கு முட்டுக் கொடுத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். கரண்ட் கட் ஆட்டிவைத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம், மாமாவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு அத்தையும் எதிரே வந்தாள். இரண்டு பேரும் வாசலில் கால் வைத்தோம். குப்பென்று கேஸ் நாற்றம். அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீயை அணைத்திருக்கிறது, கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. கரண்ட் இல்லை. மாமா முன்னறையில் மண்ணெண்ணெய் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தீக்குச்சியை எடுத்துப் பெட்டியில் உரசப் போனார்.

"கீழ போடுங்க!"

கத்திக்கொண்டே அத்தை குடத்தைப் போட்ட சத்தத்தில்தான் அவர் நிமிர்ந்தார். அதற்குள் அவள் பாய்ந்து அவர் கையில் ஓர் அடி கொடுத்தாள். பெட்டி போய் ஈரத்தில் விழுந்தது. நான் உள்ளே ஓடி அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, பின்கதவைத் திறந்தேன்.

மூன்று பேரும் வாசலில் வந்து உட்கார்ந்தோம். அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு நாத்தம் தெரியலயா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கண் அவர் பின்மண்டைக்கும் வாசலில் நின்ற வண்டியில் தொங்கிய ஹெல்மெட்டுக்கும் போய் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "மூட்டை சரிஞ்சு விழுகல்லதான?" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லத்த. வண்டிதான்."

இத்தோடு வண்டியும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், தோள் இரண்டும் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அத்தை எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். முடியை விலக்கி விரலால் தடவித் தேடினாள்.

"இங்கனயா?"

"இன்னுங் கொஞ்சம் கீழ."

"அன்னைக்குத் தலைல என்ன போட்டிருந்தீக?"

"ஒண்ணும் போடல."

"இப்பப் போடுறது போலீசுக்கா?"

"இல்ல பஞ்சு."

தழும்பு கையில் பட்டதும் அவள் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள். மாமா அழுதுவிட்டார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கும் குரல் உடைந்தது, ஆனால் கையை மட்டும் எடுக்கவில்லை.

"வேலைக்குப் போங்க. வண்டிலயே போங்க. ஆனா எங்கிட்ட இனிமே எதையும் மறைக்காதீக. இதுக்குள்ள மிச்சம் இருக்கிறது எனக்கு வேணும்."